யாருக்கு யார் பாரம்?

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைப் பின்னே விட்டு, வத்திராயிருப்பு மார்க்கமாக மலையை நோக்கிச் செல்பவர்கள், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பிளவக்கல்லை அடைவார்கள். பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு சிற்றாறுகளுக்குக் குறுக்கே அங்கே இரண்டு அணைகள் எழுப்பப்பட்டிருக்கின்றன. இந்தப் பெரியாறு வேறு, முல்லைப் பெரியாறு வேறு; வெளியூர் நேயர்கள் குழம்ப வேண்டாம். அணையில் நீர் நிறைந்திருக்கும் காலத்தில் வயல்வெளி பசேலென்றிருக்கும். மழை பொய்த்தால் கண்மாய்கள் வெடித்துக் கிடக்கும். நாம் எழுத வந்த விஷயத்துக்கு இந்த நீர்க் கணக்கும் ஒருவகையில் சம்பந்தமுடையதே. வயல் காய்ந்தால் கூலி இல்லை. கூலி இல்லாத வீட்டில் படுக்கையில் கிடக்கும் முதியவரின் கஞ்சிக்கும் கணக்குப் பார்க்கவேண்டி வருகிறது.

இதே வட்டாரத்தில், இராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டி என்னும் ஊர் இருக்கிறது. அங்கே தறிகளில் நெய்யப்படுவது சேலையன்று, வேஷ்டியன்று. புண்ணுக்குக் கட்டும் மருத்துவத் துணி. எங்கெங்கோ உள்ள ஆஸ்பத்திரிகளில் முகம் தெரியாத நோயாளிகளின் காயத்தை இந்தக் கரிசல் சீமையின் நூல் கட்டுகிறது. இப்படி உலகத்துப் புண்ணுக்கெல்லாம் துணி நெய்யும் ஜில்லாவின் பெயர், 2010-ஆம் ஆண்டில் வேறொரு காரணத்துக்காகத் தேசமெங்கும் பத்திரிகைகளில் அடிபட்டது. அந்தக் காரணத்தின் பெயர் தலைக்கூத்தல்.

தலைக்கு ஊற்றுதல் என்னும் சொல்லே இப்படித் திரிந்தது என்பார்கள். நோயிலும் மூப்பிலும் விழுந்து, இனி எழமாட்டார் என்று வீட்டார் முடிவு கட்டிய முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, உடல் குளிர்ந்து உயிர் போகும்படி செய்யும் வழக்கம் இது. அதன் விவரங்களை நாம் விஸ்தரிக்கப் போவதில்லை. எண்ணெய்க் குளியலும் இளநீரும் தமிழர் வீட்டில் அன்பின் அடையாளங்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம். தீபாவளி விடியலில் தாய் மகன் தலையில் வைக்கும் அதே எண்ணெய். காய்ச்சலில் கிடப்பவனுக்குத் தேடிக் கொணரும் அதே இளநீர். கொலைக் கருவி என்று எதையும் கையில் எடுக்காமலே காரியம் முடிந்துவிடுகிறது. ஊர் துக்கம் கேட்க வருகிறது; வைத்தியர் சீட்டுக் கேட்பாரில்லை.

2010-இல் நடந்தது என்னவென்றால், விருதுநகர் ஜில்லாவைச் சேர்ந்த, எண்பது வயதை எட்டிய முதியவர் ஒருவர், தம் வீட்டாரின் பேச்சைத் தற்செயலாகக் கேட்டுவிட்டார். பேச்சு, தம்மைக் குளிப்பாட்டும் நாளைப் பற்றியது. அதன்பின் தம் நிலத்தை எவ்விதம் பங்கிடுவது என்பதைப் பற்றியது. கிழவர் வீட்டை விட்டுத் தப்பி, உறவினர் ஒருவரிடம் அடைக்கலம் புகுந்தார். செய்தி வெளிவந்தது, அதிகாரிகள் விழித்தனர், மறைவாகப் பேசப்பட்டு வந்த விஷயம் பகிரங்கமாயிற்று. பின்னர் 'பாரம்' என்னும் திரைப்படம் இதைக் கதைப் பொருளாக எடுத்துத் தேசிய விருதும் பெற்றது. 2023-இல் 'தலைக்கூத்தல்' என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது.

அந்த முதற் படத்தின் தலைப்பை நேயர்கள் கவனிக்க வேண்டும். பாரம்! நம் வீடுகளில் முதியோர் வாயில் ஒருநாளைக்குப் பத்துத் தடவை வரும் சொல் இது. "உங்களுக்கெல்லாம் பாரமா ஆயிட்டேனே" என்று அப்பத்தா சொல்கிறாள். "அப்படிச் சொல்லாதீங்க" என்று பேத்தி பதில் கூறினால் அந்த வீடு பிழைத்தது. பதில் வராத வீட்டில், கூடத்துப் படுக்கையில் ஒரு விண்ணப்பம் எழுதாமலே எழுதப்பட்டுவிடுகிறது. கிழவியே கேட்டாள், அவள் சம்மதத்தோடுதான் நடந்தது என்று பிறகு சொல்வார்கள். கேட்டதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் கேட்கும்படி செய்தது எது?

இந்த வழக்கத்தில் விழுந்தவர்களையெல்லாம் அரக்கர் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட நமக்கு மனம் வரவில்லை. கணவனும் மனைவியும் விடியற்காலையில் கூலிக்குப் போனால்தான் மாலையில் அடுப்பெரியும் குடும்பம். நினைவு தப்பிய கிழவரை யார் திருப்பிப் படுக்க வைப்பது? முதுகில் புண் விழுந்து நாற்றமெடுக்கிறது, இரவெல்லாம் முனகல். பெரிய ஆஸ்பத்திரியில், "இனிச் செய்வதற்கொன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு அழைத்து வந்தபின் என்ன செய்வது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. இந்த நிலையில் சிலர் நிலத்தை நினைக்கிறார்கள். சிலர் மெய்யாகவே இரக்கத்தால் உந்தப்படுகிறார்கள். இரண்டும் ஒரே மனத்தில் கலந்திருப்பதும் உண்டு.

மேல்நாட்டிலோ இதே விஷயம் வேறு உடையில் வந்திருக்கிறது. அங்கே சட்டப் புத்தகத்தில் ஏறி, வைத்தியர் கையெழுத்தோடு நடக்கிறது. ஸ்விட்ஜர்லாந்தில் சுயலாபக் கருத்தில்லாமல் தற்கொலைக்கு உதவுபவரைத் தண்டிப்பதில்லை என்பது 1942 முதல் சட்டம். அமெரிக்காவில் ஆரிகன் மாகாணம் 1997-இல் இதை நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஹாலந்திலும் பெல்ஜியத்திலும் 2002-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கானடா 2016-இல் அனுமதித்து, 2021-இல் சாவு அண்மையில் இல்லாத நோயாளிகளுக்கும் அதை விரித்தது. அங்கே வாதம் தனிமனித உரிமையைப் பற்றியது: என் உயிர் என்னுடையது, அதை முடிக்கும் நேரமும் என்னுடையது என்கிறார்கள். நம் கிராமத்திலோ முடிவு செய்வது குடும்பம். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வித்தியாசம் என்று தோன்றும். ஆயினும் ஆரிகன் மாகாணத்தார் வருஷந்தோறும் வெளியிடும் அறிக்கையில், அவ்வாறு இறந்தவர்கள் கூறிய காரணங்களைப் பார்த்தால், வலியைவிட அதிகமாகச் சொல்லப்படுபவை தன்னாட்சி போய்விட்டது, வாழ்க்கையின் இன்பங்கள் போய்விட்டன என்பவையே. பிறருக்குப் பாரமாகிவிட்டேன் என்பதும் அந்தப் பட்டியலில் தவறாமல் இடம் பெறுகிறது. கடல் கடந்தாலும் சொல் மாறவில்லை.

இவ்விஷயத்தில் கிறிஸ்தவ சமயத்தார் என்ன சொல்கிறார்கள் என்பதை இங்கே ஆராய விரும்புகிறோம். அது இந்தச் சீமைக்கு அந்நியமான குரலன்று. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கணித நிபுணராகப் பேரெடுத்த தாமஸ் ராக்லண்ட் என்பவர், சென்னையில் மிஷன் காரியதரிசியாயிருந்து, 1854-இல் அந்தப் பதவியை விட்டுச் சிவகாசி வட்டாரத்துக்கு வந்தார். கூடாரத்தையே வீடாகக் கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். நுரையீரல் நோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. பலம் போனபின்னும் வேலையை விடவில்லை. 1858-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சிவகாசியில் காலமானார். அவர் மதப் பிரசாரத்தைப் பற்றி நேயர்களுக்குப் பலவித அபிப்பிராயங்கள் இருக்கலாம். நாம் அதற்குள் புகவில்லை. நோயும் வேலையும் ஒரே உடலில் கூடியிருக்க முடியும் என்பதை இவ்வூரார் கண்ணால் கண்டிருக்கிறார்கள் என்பதற்காகவே அவரை நினைவூட்டினோம்.

கிறிஸ்தவ வேதாகமத்தில் உதவித் தற்கொலை பற்றிய கதையே ஒன்று இருக்கிறது. இஸ்ரவேலின் முதல் அரசனாகிய சவுல், கில்போவா மலைப் போரில் அம்புபட்டு வீழ்கிறான். பகைவர் கையில் அகப்பட்டு அவமானப்படுவதற்கு அஞ்சி, தன் ஆயுதம் சுமப்பவனை அழைத்துத் தன்னைக் குத்திவிடும்படி வேண்டுகிறான். அந்த இளைஞன் நடுங்கி மறுத்துவிடுகிறான். சவுல் தன் வாள்மேல் தானே விழுந்து மடிகிறான். கதை இத்தோடு முடியவில்லை. அமலேக்கியன் ஒருவன் தாவீதிடம் ஓடிவந்து, சவுல் குற்றுயிராய்க் கிடந்து தன்னைக் கொல்லும்படி கெஞ்சினான் என்றும், பிழைக்கமாட்டான் என்று அறிந்து தானே அவனைக் கொன்றதாகவும் கூறுகிறான். வெறுங்கையோடு வரவில்லை, அரசனின் முடியையும் கடகத்தையும் எடுத்துக்கொண்டு வருகிறான். வெகுமதி கிடைக்கும் என்று எண்ணியவனுக்குத் தாவீது மரண தண்டனை விதிக்கிறான். அவன் சொன்னது மெய்யா பொய்யா என்பது வேறு கேள்வி. அவன் காட்டிய நியாயங்களைப் பாருங்கள்: அவரே கேட்டார், பிழைக்கமாட்டார் என்பது நிச்சயம். மூவாயிரம் ஆண்டுகளாக இந்த நியாயங்களில் ஓர் எழுத்தும் கூடவில்லை. கையிலிருந்த முடியும் கடகமும் மட்டும் நம் ஜில்லாவில் பத்திரமும் பட்டாவுமாய் மாறியிருக்கின்றன.

ஆனால் வேதாகமம் சாவை விரும்புகிறவனை எப்போதும் தண்டிப்பதில்லை. எலியா என்னும் தீர்க்கதரிசி அரசியின் கோபத்துக்குப் பயந்து வனாந்தரத்தில் ஓடி, ஒரு சூரைச்செடியின் அடியில் விழுந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கடவுளிடம் முறையிடுகிறார். பெரிய மகான், அப்படியிருந்தும் சாவைக் கேட்டார். கடவுள் அவருக்கு உபதேசம் செய்யவில்லை, கண்டிக்கவும் இல்லை. முதலில் தூங்க விட்டார். பிறகு தேவதூதன் தட்டி எழுப்பித் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தந்தான். மறுபடியும் தூக்கம், மறுபடியும் ஆகாரம். அதன் பின்னரே பிரயாணத்தைப் பற்றிய பேச்சு. கைதேர்ந்த தாதி ஒருத்தி செய்யும் காரியமல்லவா இது? சாக வேண்டும் என்று சொல்பவரிடம், பசிக்கிறதா, தூக்கம் வந்ததா, எங்கே வலிக்கிறது என்று கேட்பதை விட்டு, நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யும் அன்பர்கள் இந்தப் பகுதியை மறுபடி படிக்க வேண்டும்.

கிறிஸ்தவர்கள் துன்பத்தையே புண்ணியமாகக் கொண்டாடுகிறார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. சிலர் அப்படிப் பேசுவதும் உண்டு. இயேசுநாதரோ தம்மிடம் வந்த குஷ்டரோகியிடம், இந்த நோய் உன் ஆன்மாவுக்கு நல்லது என்று சொல்லவில்லை, தொட்டுக் குணப்படுத்தினார். தம் முறை வந்தபோதும் இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்றுதான் முதலில் பிரார்த்தித்தார். துன்பம் தீமையே, நீக்க முடிந்தால் நீக்கவேண்டியதே, நீக்க முடியாதபோதும் அதனுள் மனிதன் கைவிடப்பட்டவனல்லன் என்பதுதான் சிலுவையின் பொருள் என்று அவர்களுடைய அறிஞர்கள் விளக்குகிறார்கள். இரண்டாம் ஜான் பால் என்ற போப்பாண்டவர் 1984-இல் துன்பத்தைப் பற்றி எழுதிய நீண்ட நிருபத்தில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்ற சமாரியன் கதைக்கு ஒரு முழுப் பகுதியை ஒதுக்கியிருக்கிறார். துன்பம் பிறர் மனத்திலிருந்து அன்பை வெளியே இழுக்கிறது என்பது அவர் கருத்து.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கே நீக்கிவிட வேண்டும். உயிரைப் பறிக்கலாகாது என்றால், எந்தப் பாடுபட்டேனும் யந்திரங்களைப் பூட்டி மூச்சை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பொருளல்ல. பன்னிரண்டாம் பயஸ் என்ற போப்பாண்டவர் 1957-ஆம் ஆண்டிலேயே வைத்தியர்களிடம் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொன்னார். நோயாளிக்கும் குடும்பத்துக்கும் தாங்கவொண்ணாத, அசாதாரணமான சிகிச்சைகளைச் செய்தேயாக வேண்டும் என்ற கடமை இல்லை என்பது ஒன்று. வலியை அடக்குவதே நோக்கமாகக் கொடுக்கப்படும் மருந்து, அதன் விளைவாக ஆயுளை ஒருவேளை சிறிது குறைத்தாலும் குற்றமில்லை என்பது மற்றொன்று. சாக விடுவது வேறு, சாகடிப்பது வேறு. இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு குடும்பம், "இனிக் குழாய்கள் வேண்டாம், வீட்டிலேயே அமைதியாக இருக்கட்டும்" என்று தீர்மானித்தால் அது தலைக்கூத்தல் ஆகிவிடாது. இந்த வேற்றுமை தெரியாமல் குற்ற உணர்ச்சியால் வாடும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

நம் தேசத்துச் சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் நிற்கிறது. பம்பாய் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாயிருந்த அருணா ஷான்பாக், 1973-இல் தாக்கப்பட்டு நினைவிழந்து அங்கேயே கிடந்தார். அவருக்கு ஊட்டுவதை நிறுத்த அனுமதிக்க வேண்டும் என்று ஓர் எழுத்தாளர் சுப்ரீம் கோர்ட்டை அணுகியபோது, எதிர்த்து நின்றவர்கள் அந்த ஆஸ்பத்திரியின் தாதியரே. 2011-இல் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆயினும் கடும் நிபந்தனைகளோடு சிகிச்சையை நிறுத்த வழியும் திறந்தது. அருணா 2015 மே மாதம் நிமோனியாவால் இறந்தார். நாற்பத்திரண்டு ஆண்டுகளாக, வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைமுறைத் தாதியரும் அவரைத் தங்கள் வீட்டுப் பெண்ணைப்போல் பார்த்துவந்தனர். 2018-இல் அரசியல் நிர்ணய பெஞ்சு, சிகிச்சையை மறுக்கும் முன்னுயில் எழுதிவைக்க எவருக்கும் உரிமை உண்டு என்றது. 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. ஊசி போட்டுக் கொல்வதும், சாகத் துணை நிற்பதும் இன்றும் குற்றமே.

மகாத்மா காந்தியைத் தொடாமல் இந்த விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி தீராத வேதனையில் கிடந்தது. வைத்தியரைக் கொண்டு ஊசி போட்டு அதன் உயிரை முடிக்கச் செய்தார் காந்தியடிகள். தேசமெங்கும் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை. அதே நிலையில் மனிதன் இருந்தாலும் இதே தர்மம் பொருந்தலாம் என்றுகூட எழுதினார். ஆனால் அதற்கு அவர் விதித்த நிபந்தனைகளை மறந்துவிட்டு அவரைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் அநேகர். நோய் தீராததாயிருக்க வேண்டும். எல்லோரும் நம்பிக்கை இழந்திருக்க வேண்டும். எவ்விதப் பணிவிடையாலும் பயனில்லை என்றாகியிருக்க வேண்டும். நோயாளி தன் விருப்பத்தைத் தெரிவிக்க இயலாதிருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையில்தான் காரியமே இருக்கிறது. பணிவிடையால் ஒன்றும் ஆகாது என்று எந்த வீட்டில், எந்த நாளில் சொல்ல முடியும்? கிறிஸ்தவர்கள் கன்றுக்கும் மனிதனுக்கும் கோடு கிழித்து, காந்தியடிகளோடு இந்த இடத்தில் மாறுபடுவார்கள். ஆயினும் அவரே வாழ்ந்து காட்டிய விடை அவர்களுக்கு வெகு நெருக்கமானது. எரவாடா சிறையில் அவரோடிருந்த சமஸ்கிருத பண்டிதர் பர்சூரே சாஸ்திரி, குஷ்டநோய் முற்றி, உறவினர் ஒதுக்க, சாவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று 1939-ஆம் ஆண்டளவில் சேவாகிராமத்துக்கு வந்தார். காந்தியடிகள் தம் குடிசைக்கு அருகிலேயே அவருக்கு ஒரு குடிசை அமைத்துத் தந்து, தினந்தோறும் தம் கையாலேயே அவர் உடம்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். இங்கேயும் எண்ணெய்தான்! சாக வந்த சாஸ்திரியார் உயிரோடிருந்து சமஸ்கிருதம் கற்பித்தார். ஆசிரமத்தில் கல்யாணம்கூடச் செய்து வைத்தார்.

துன்பத்துக்கு நோக்கம் உண்டா என்ற கேள்விக்கு இப்போது வருவோம். இதில் நாம் ஒரு கண்டிப்பான விதியை வைத்துக்கொள்கிறோம். உன் துன்பத்துக்கு ஒரு நோக்கம் உண்டு என்று துன்பப்படுகிறவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளலாம். பக்கத்தில் சௌக்கியமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சொல்லலாகாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு மண்ணில் மௌனமாய் உட்கார்ந்திருந்தவரையில் நல்ல நண்பர்களாயிருந்தார்கள். வாய் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கியதும்தான் கெட்டார்கள்.

சொல்லத் தகுதி பெற்றவர்கள் இருவரைப் பார்ப்போம். அயர்லாந்தில் 1867-இல் பிறந்த ஆமி கார்மைக்கேல் அம்மையார், திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, களக்காட்டுக்கு அருகில் டோனாவூரில், கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படும் ஆபத்திலிருந்த பெண் குழந்தைகளை வளர்த்தார். 'ராக்லண்ட்' என்ற சரித்திர நூலை எழுதியவரும் அவரே. 1931 அக்டோபரில், களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் இருட்டில் குழியில் விழுந்தார். கால் முறிந்தது, முதுகும் பாதிக்கப்பட்டது. ஓடியாடித் திரிந்த அம்மையார், 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஒரே அறையில், படுக்கையில் கழித்தார். அங்கிருந்து நோயாளிகளுக்கென்று 1933-இல் ஒரு நூல் எழுதினார். சுகமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் கடிதங்கள் தம் மனத்தில் ஒட்டவில்லை என்றும், நோயாளி நோயாளிக்கு எழுதுவதாகவே தம் நூல் இருக்க வேண்டும் என்றும் அவர் கருதினார். நாம் மேலே சொன்ன விதியை அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மற்றொருவர் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ். கொச்சிச் சீமைப் பெண். இளம் வைத்தியராயிருந்தபோது 1954-இல் மோட்டார் விபத்தில் முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போனார். முகத்திலும் வடு. அவரைச் சாக விட்டிருக்கலாமே என்று அவர் உள்ளமே கேட்ட நாட்கள் உண்டு. அப்போது வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் குஷ்டநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைச் சத்திர சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். கை வேலையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமல்லவா? சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மேரி கத்தியைக் கையிலெடுத்தார். நடக்க முடியாத வைத்தியர், பிடிக்க முடியாத கைகளுக்குப் பிடிப்பைத் தந்தார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, ஊனமுற்றோருக்கு மறுவாழ்வளிக்கும் வைத்தியப் பகுதியை வேலூரில் நிலைநாட்டினார். 1972-இல் பத்மஸ்ரீ, 1986-இல் மறைவு.

பால் பிராண்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1914-இல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். குஷ்டநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சுட்டும் வெட்டுண்டும் தேய்ந்துபோகின்றன என்று கண்டறிந்தவர்களில் அவர் முக்கியமானவர். இரவில் தூங்கும்போது எலி கடித்துப் போவதைக்கூட அவர்கள் அறியவில்லை என்று தெரிந்ததும், நோயாளிகளுக்குப் பூனைகளைக் கொடுத்து அனுப்பினார்! வலி என்பது உடம்பின் காவற்காரன் என்று ஆயுள் முழுதும் சொல்லிவந்தார். ஆனால் வீடு எரிந்து முடிந்தபின்னும் கூவிக்கொண்டிருக்கும் காவற்காரனால் என்ன பயன்? புற்றுநோயின் கடைசி மாதத்து வலி அத்தகையது. அதை அடக்குவதே தர்மம்.

மேரி வர்கீஸைப்போல எல்லோராலும் எழ முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நினைவே தப்பியவருக்கு நோக்கம் எங்கே? அங்கே கிறிஸ்தவர்கள் தரும் விடை, மனிதனின் மதிப்பு அவன் செய்யும் வேலையில் இல்லை, அவன் கடவுளின் சாயலில் இருப்பதில் இருக்கிறது என்பது. எல்லாக் கிறிஸ்தவர்களும் இதிலிருந்து ஒரே முடிவுக்கு வருவதில்லை. தென்னாப்பிரிக்காவின் டெஸ்மண்ட் டூட்டு என்ற பெரியார், 2016-இல் தமது 85-ஆம் பிறந்தநாளையொட்டி, சாவுக்கு உதவி பெறும் வழி தமக்குத் திறந்திருக்க வேண்டும் என்று எழுதினார். இங்கிலாந்தின் முன்னாள் தலைமைக் குரு ஜார்ஜ் கேரியும் 2014-இல் இதே பக்கம் சாய்ந்தார். அவர்கள் இரக்கத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் உரிமை என்று எழுதிவைக்கப்படுவது, ஏழை வீட்டிலே கடமை என்று வாசிக்கப்படும் என்பதற்கு நம் ஜில்லாவே அத்தாட்சி. சட்டமே இல்லாதபோது நடக்கிற காரியத்துக்குச் சட்டமும் துணை சேர்ந்தால் எந்தக் கிழவி மறுத்துப் பேசுவாள்?

ஆகவே, கொல்லாதே என்று சொல்பவர்களின் தலையில் ஒரு பொறுப்பு ஏறுகிறது. அதை முழுதும் உணர்ந்தவர் லண்டனைச் சேர்ந்த ஸிஸிலி ஸாண்டர்ஸ் என்ற மாது. 1948-இல் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து தேசத்து யூதருக்கு அவர் ஆறுதலாயிருந்தார். சாகப்போகிறவர்களுக்கென்றே ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். டாஸ்மா 500 பவுனை விட்டுச்சென்றார். அந்த வீட்டில் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்பது அவர் ஆசை. ஸாண்டர்ஸ் வைத்தியம் படித்துப் பட்டம் பெற்று, 1967-இல் அந்த இல்லத்தைத் திறந்தார். நோயாளி கேட்பதற்கு முன்பே, மணிக்கணக்குத் தவறாமல் வலி மருந்து கொடுப்பது அவர் முறை. உடல் வலியோடு மனவலி, குடும்பக் கவலை, ஆன்மத் தவிப்பு ஆகிய நான்கும் சேர்ந்ததே முழு வலி என்றும் அவர் போதித்தார்.

நம் தேசத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் இவ்வேலையைத் தொடங்கினார்கள். அதற்குப் பெரிய இடையூறாயிருந்தது 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம். மார்பின் மருந்தைச் சேமித்துவைக்க ஆஸ்பத்திரிகளுக்கு எத்தனையோ லைசென்ஸுகள். அஞ்சி ஒதுங்கிய வைத்தியர்கள் பலர். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. கேரளத்தில் அயலாரே பயிற்சி பெற்று, வாரந்தோறும் படுக்கை நோயாளியின் வீட்டுக்குப் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டுகிறார்கள். செண்பகத் தோப்பு மலைக்கு அந்தப் பக்கம்தானே கேரளம்! காற்றும் மேகமும் கடந்து வருகிற மலையை இந்த வழக்கம் மட்டும் கடந்து வருவதற்கு ஏன் தயங்க வேண்டும்?

தமிழ்நாட்டிலும் வழி அடைபட்டுக் கிடக்கவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து படுக்கை நோயாளிகளைக் கவனிக்கும் நோய் தணிப்புச் சிகிச்சையும், கைகால் பயிற்சி அளிக்கும் பிஸியோதெரபியும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. முதியோர் உதவித் தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் பெற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு; ஸப் கலெக்டர் அல்லது ஆர்.டி.ஓ. தலைமையிலுள்ள தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமலே மனுக் கொடுக்கலாம். மனுக் கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும் என்பது வேறு விஷயம்.

அந்த வட்டாரத்துச் சபையார்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் உயிரின் புனிதத்தைப் பற்றி முழங்குவது சுலபம். திங்கட்கிழமை காலையில் களை எடுக்கப் போகும் மருமகளுக்குப் பதிலாக, மாலைவரை அந்தக் கிழவரின் பக்கத்தில் யார் உட்காருவது என்று ஒரு முறைப் பட்டியல் போடுவது கடினம். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி பவுல் கலாத்தியருக்கு எழுதியது இதைப் பற்றித்தான். கிறிஸ்தவர் அல்லாத வீட்டுக்கும் அந்தப் பட்டியல் போகலாம். மடத்தாரும், கோயில் தர்மகர்த்தாக்களும், இராஜபாளையத்து மில் சொந்தக்காரர்களும் அவர்களை முந்திக்கொண்டால் நமக்கு இன்னும் சந்தோஷம். வேண்டுவன அதிகமில்லை: புண் விழாமலிருக்கக் காற்று மெத்தை ஒன்று, வேளைக்கு வலி மருந்து, சுத்தமான கட்டுத்துணி, வாரத்தில் இரண்டு அரைநாள் மாற்று ஆள். கட்டுத்துணிக்குச் சத்திரப்பட்டித் தறிகள் இருக்கின்றன.

வீட்டிலே பேச்சு வேறுவிதமாகப் போகிறது என்று சந்தேகப்படும் முதியவர்களும், அண்டை அயலாரும், தேசம் முழுவதற்குமாக 2021-இல் ஏற்படுத்தப்பட்ட முதியோர் உதவித் தொலைபேசியை அழைக்கலாம். கட்டணமில்லை. எண் 14567.